விளக்கு வெளியே, வெளிச்சம் உள்ளே

தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூரில் வளைகுடாவுக்குப் போய்வந்தவர் ஒருவர்கூட இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர்களுக்கு முந்தைய தலைமுறை சிங்கப்பூருக்குக் கப்பலேறியது. அங்கே மேக்ஸ்வெல் உணவங்காடியை ஒட்டி ‘கடையநல்லூர் ஸ்திரீட்’ என்று ஒரு தெருவே இருக்கிறது. போனவர்களில் பலர் கடைகளில் நின்றார்கள். சிலர் ரிஃபைனரி, கேஸ் பிளான்ட், எண்ணெய் டேங்க் என்று ஆலை வேலைக்குப் போனார்கள். ஆலைக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்: கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், கடையில் வாங்கிய டார்ச் லைட் உள்ளே போகாது, கம்பெனி தரும் டார்ச்சைத்தான் எடுத்துப் போக வேண்டும் என்பார்கள். வெல்டிங் வைக்க ஒரு பெர்மிட், டேங்குக்குள் இறங்க இன்னொரு பெர்மிட், அதற்கும் முன்னால் கேஸ் டெஸ்ட்.

நூறு ரூபாய் டார்ச்சைப் பார்த்து ஒரு பெரிய ஆலை ஏன் இப்படிப் பயப்படுகிறது?

டார்ச்சின் ஸ்விட்சைத் தள்ளும்போது உள்ளே இரண்டு உலோகத் துண்டுகள் தொடும் அல்லது பிரியும். அந்த நொடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி எழும். சாதாரணக் காற்றில் அதனால் ஒன்றும் ஆகாது. காற்றில் எரியக்கூடிய வாயு கலந்திருந்தால் கதை வேறு. மீத்தேனும் காற்றும் கலந்த கலவையைப் பற்றவைக்க ஏறத்தாழ 0.28 மில்லிஜூல் ஆற்றல் போதும். ஹைட்ரஜனுக்கு 0.02 மில்லிஜூலே போதும். ஒரு கிராம் எடையுள்ள பொருள் இரண்டு மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் வெளிப்படும் ஆற்றல் அவ்வளவுதான். வீட்டு ஸ்விட்சில் எழும் பொறி இதைப்போலப் பல மடங்கு. பொறியே எழாவிட்டாலும் பல்பின் சூடு ஒன்று இருக்கிறது. சில ஆவிகள் சூடான பரப்பைத் தொட்டாலே பற்றிக்கொள்ளும்.

2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூரின் சீதாபுரா பகுதியில் இந்தியன் ஆயில் டெப்போவில் நடந்தது இதற்குக் கொடூரமான சாட்சி. ஒரு டேங்கிலிருந்து பக்கத்து டெப்போவுக்கு பெட்ரோல் அனுப்பத் தயாராகும்போது கசிவு தொடங்கியது. சுமார் எழுபத்தைந்து நிமிடங்களில் ஆயிரம் டன்னளவு பெட்ரோல் வெளியே கொட்டியது. அதன் ஆவி மேகமாகத் தரையோடு பரவியது. பிறகு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். டேங்குகள் நாள்கணக்கில் எரிந்தன. எம்.பி. லால் தலைமையிலான குழு விசாரித்தது. நிர்வாகக் கட்டிடத்தில் இருந்த, ஃப்ளேம்ப்ரூஃப் அல்லாத ஏதோவொரு மின்சாதனம் அல்லது கிளப்பப்பட்ட ஒரு வாகனத்தின் பொறி பற்றவைத்திருக்கலாம் என்றது அதன் அறிக்கை. அலுவலகத்தில் இருக்கும் சாதாரண மின்சாதனம்தான். தப்பு அந்தச் சாதனத்தில் இல்லை. ஆவி தேடி வரும் என்று யாரும் நினைக்காத இடத்தில் அது இருந்தது, அவ்வளவுதான்.

இந்தச் சிக்கல் மின்சாரத்துக்கும் முந்தியது. இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் 1812-ல் மீத்தேன் வெடித்து 92 பேர் இறந்தார்கள். சுரங்கத்துக்குள் வெளிச்சம் வேண்டும், ஆனால் வெளிச்சம் என்றால் அந்தக் காலத்தில் நெருப்பு. ஹம்ப்ரி டேவி 1815-ல் ஒரு வழி சொன்னார். விளக்கின் சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலையைப் போட்டார். வாயு வலைக்குள் போய் எரியும். ஆனால் அந்த நெருப்பு வலையைக் கடந்து வெளியே வருவதற்குள் கம்பிகள் அதன் சூட்டை உறிஞ்சிவிடும்.

இன்று நம் ஆலைகளில் எஃப்.எல்.பி. (ஃப்ளேம்ப்ரூஃப்) லைட் என்று சொல்லும் கனமான வார்ப்பிரும்பு அல்லது அலுமினிய விளக்கும் இதே சூத்திரத்தில்தான் நிற்கிறது. பலர் நினைப்பதுபோல அது காற்றுப் புகாத பெட்டி இல்லை. வாயு உள்ளே போகத்தான் செய்யும், உள்ளே வெடிக்கவும் செய்யலாம். அந்த வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்குப் பெட்டி கெட்டியாக இருக்கும். மூடிக்கும் உடலுக்கும் நடுவே இழைத்துச் சீராக்கிய மிகக் குறுகிய இடைவெளி வழியாகத்தான் வெந்த வாயு வெளியேற முடியும். வெளியே வருவதற்குள் அது ஆறிவிடும். அதனால்தான் எஃப்.எல்.பி. பெட்டியில் எட்டு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தால் அது எஃப்.எல்.பி.யே இல்லை. அந்த இழைத்த பரப்பில் பெயின்ட் அடித்தாலும், உளியால் நெம்பிக் கீறினாலும் அப்படித்தான். பராமரிப்பில் தோற்கும் ஏற்பாடு இது. சான்றிதழோடு வாங்கிய விளக்கு ஐந்தாறு வருடங்களில் வெறும் கனமான விளக்காக மாறிவிடுவது வாங்கியவருக்கே தெரியாமல் நடக்கும்.

இரண்டாவது வழி, பொறி எழுந்தாலும் பற்றவைக்க வலுவில்லாத அளவுக்கு மின்சாரத்தையே குறைத்துவிடுவது. இதற்குப் பின்னால் வேல்ஸின் செங்கனித் சுரங்கம் இருக்கிறது. 1913 அக்டோபர் 14 அன்று அங்கே வெடித்ததில் 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். சிக்னல் கொடுக்கும் மின்சார மணியின் பொறி காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அதன் பின் நடந்த ஆராய்ச்சிகளில் பிறந்ததுதான் ‘இன்ட்ரின்சிக் சேஃப்டி’ என்ற முறை. ஆலைக்காரர்கள் சுருக்கமாக ஐ.எஸ். என்பார்கள். கருவிகளுக்கும் சென்சார்களுக்கும் இது அருமையான வழி. ஆனால் ஒரு ஹாலையே வெளிச்சமாக்கும் விளக்குக்கு இவ்வளவு குறைந்த மின்சாரம் போதாது.

மூன்றாவது வழிதான் இந்தக் கட்டுரையின் விஷயம். விளக்கைப் பாதுகாப்பாக்க மெனக்கெடாதே, விளக்கை அந்த இடத்தை விட்டே வெளியே எடு. வெளிச்சத்தை மட்டும் உள்ளே அனுப்பு.

இதுவும் பழைய யோசனைதான். பாய்மரப் போர்க்கப்பல்களில் வெடிமருந்து அறைக்குள் யாரும் விளக்கு கொண்டுபோகக் கூடாது. பக்கத்தில் ஒரு சின்ன அறை கட்டி, அதில் விளக்கை ஏற்றி, நடுச்சுவரில் கண்ணாடி பதித்திருப்பார்கள். வெடிமருந்து அள்ளுபவருக்கு வெளிச்சம் கண்ணாடி வழியாக வரும், நெருப்பு வராது. நம் ஊர் ஓட்டு வீடுகளில் அடுப்படிக்கு மேலே ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்களே, அதே உபாயம்: சூரியன் வெளியே, வெளிச்சம் உள்ளே. கண்ணாடி ஓட்டுக்கு ஒரே குறை, வெளிச்சம் நேராகத்தான் இறங்கும். சுவர் சுற்றி, மூலை திரும்பி, குழாய்க்குள் புகுந்து போகச் சொன்னால் போகாது. அந்தக் குறையைத் தீர்த்தது ஃபைபர்.

ஃபைபர் என்றதும் இப்போது எல்லோருக்கும் வீட்டு இன்டர்நெட் ஞாபகம் வரும். அதே தத்துவம்தான் இங்கேயும். நடுவில் ஒரு தெளிந்த இழை, அதைச் சுற்றி ஒளியைச் சற்றே குறைவாக விலக்கும் இன்னொரு படலம். இழைக்குள் சாய்வாகப் போகும் ஒளி ஓரத்தைத் தொட்டதும் வெளியே தப்பாமல் முழுக்கத் திரும்பி உள்ளேயே விழும். இப்படி ஆயிரக்கணக்கான தடவை மோதித் திரும்பி மறுமுனைக்குப் போய்ச் சேரும். ஜெனீவாவில் டேனியல் கொலாடன் 1841-லேயே தண்ணீர்த் தாரைக்குள் ஒளியை வளைத்துக் காட்டினார். ஆனால் இழைக்கற்றை வழியாகப் படத்தையே கடத்தலாம் என்று காட்டியதில் நம்மவருக்குப் பெரும் பங்கு உண்டு. பஞ்சாபின் மோகாவில் 1926-ல் பிறந்த நரீந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் காலேஜில் ஹரால்ட் ஹாப்கின்ஸோடு சேர்ந்து 1954-ல் ‘நேச்சர்’ இதழில் அதை வெளியிட்டார். ‘ஃபைபர் ஆப்டிக்ஸ்’ என்ற பெயரைப் பரப்பியவரும் அவர்தான். ஃபைபர் ஆய்வுக்கான நோபல் 2009-ல் சார்ல்ஸ் காவோவுக்குப் போனது. கபானி இறந்தபின் 2021-ல் இந்திய அரசு பத்ம விபூஷண் கொடுத்தது.

ஆலைக்கு வரும் சாதனத்தில் மூன்றே பகுதிகள். முதலாவது ஒளிப்பெட்டி. எல்.இ.டி.யோ பழைய மாடலானால் மெட்டல் ஹாலைடு பல்போ, அதற்கான மின்சாரம், ஃபேன் எல்லாம் இதற்குள் அடங்கும். இந்தப் பெட்டி ஆபத்தில்லாத பக்கம், பெரும்பாலும் கன்ட்ரோல் ரூம் சுவரிலோ கட்டிடத்துக்கு வெளியிலோ இருக்கும். இரண்டாவது, பெட்டியிலிருந்து புறப்படும் இழைக்கற்றை. மூன்றாவது, முனையில் ஒரு லென்ஸ். ஆபத்தான இடத்துக்குள் போவது கற்றையும் லென்ஸும்தான். அங்கே மின்கம்பி இல்லை, ஸ்விட்ச் இல்லை, பல்பு மாற்ற யாரும் ஏணி போட வேண்டியதில்லை. பல்பு ஃப்யூஸானால் பெட்டிப் பக்கம் நின்றே மாற்றிக்கொள்ளலாம். எனக்கு இதில் பிடித்ததே இந்தக் கடைசி அம்சம்தான். ஆலை விபத்துகளில் பல, ஓட்டத்தின்போது நடப்பதில்லை. பழுது பார்க்கும்போது நடக்கின்றன.

ஆனால் தூரம் பெரிய தடை. இன்டர்நெட் ஃபைபரில் ஒளி பாதியாகக் குறைய ஏறத்தாழ 15 கிலோமீட்டர் ஆகும். அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, மிகத் தூய சிலிக்கா கண்ணாடி. வெளிச்சம் கொடுக்கப் பயன்படும் பிளாஸ்டிக் இழையில் பத்து மீட்டரில் கால் பங்குக்கு மேல் போய்விடும், இருபது மீட்டரில் சுமார் பாதி போய்விடும். சாதாரணக் கண்ணாடி இழைக்கற்றையும் நீளம் கூடக்கூட வெளிச்சத்தைத் தின்னும், நிறத்தையும் மாற்றிவிடும். பிளாஸ்டிக் எழுபது எண்பது டிகிரிக்கு மேல் தாங்காது என்பதால், பெட்டியில் சூட்டுக் கதிரை வடிகட்டும் ஃபில்டரும் வேண்டும். ஆகவே ஒரு ரிஃபைனரி முழுவதையும் ஃபைபர் விளக்கால் வெளிச்சமாக்கலாம் என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

அது உண்மையில் பொருந்தும் இடங்கள் குறுகலானவை. மணலியிலோ கடலூரிலோ ரசாயன ஆலைக்குள் போனவர்கள் ரியாக்டர் மூடியில் இரண்டு கனத்த கண்ணாடி வட்டங்களைப் பார்த்திருக்கலாம். சைட் கிளாஸ் என்பார்கள். ஒன்றில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும், மற்றொன்றின் வழியாக விளக்கடிக்க வேண்டும். உள்ளே டொலுவீனோ அசிட்டோனோ கொதித்துக்கொண்டிருக்கும். சூடான பல்பைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் உள்ளிருக்கும் சரக்கு கண்ணாடியிலேயே காய்ந்து படியும். ஃபைபர் முனையில் சூடு மிகக் குறைவு. குழாய்க்குள்ளும் டர்பைனுக்குள்ளும் விரலளவு ஓட்டை வழியாகப் பார்க்கும் போரோஸ்கோப்பிலும் வெளிச்சம் ஃபைபரில்தான் போகிறது. டேங்குக்குள் ஆள் இறங்கும் வேலைக்கும் இது உதவும். அப்படிப்பட்ட இடத்தில் தகுந்த பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேல் கைவிளக்கு கூடாது, எரியும் வாயுவோ தூசியோ இருக்க வாய்ப்புண்டென்றால் ஃப்ளேம்ப்ரூஃப் விளக்கு தவிர வேறு கூடாது என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 36ஏ பிரிவில் எழுதி வைத்தது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். மின்சாரம் உள்ளே போகவில்லை, சரி. வெளிச்சம் பற்றவைக்காதா?

பற்றவைக்கும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வாயுக்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சுவதில்லை. ஒளி அவற்றைத் துளைத்துக்கொண்டு போய்விடும். ஆனால் ஃபைபர் முனையில் ஒரு கரித்தூளோ துருத்துணுக்கோ ஒட்டியிருந்தால் அது ஒளியை உறிஞ்சிச் செந்தணலாகும். அந்தத் தணல் சுற்றியுள்ள வாயுவைப் பற்றவைக்கும். பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்கிய பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதனால் ஒளிக்கும் வரம்பு போட்டார்கள். ஐ.இ.சி. 60079 என்ற சர்வதேசத் தரநிலை வரிசையில் 28-ம் பகுதி முழுக்க இதற்காகவே இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பும் அந்த வரிசையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஹைட்ரஜன் போன்ற மிக எளிதில் பற்றும் வாயுக்கள், அதிலும் 85 டிகிரிக்கு மேல் சூடு கூடாத வகை என்றால், ஒளியின் மொத்தச் சக்தி 15 மில்லிவாட்டுக்குள் இருக்க வேண்டும். 135 டிகிரி வரை தாங்கும் வகைக்கு 35 மில்லிவாட். நிலக்கரிச் சுரங்கத்து மீத்தேனுக்கு 150 மில்லிவாட் வரை சலுகை. மொத்தச் சக்தி இதைத் தாண்டினாலும் இன்னொரு வழி உண்டு. ஒளியைப் பரப்பிவிட்டு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். தலைக்கு மேலே நிற்கும் உச்சி வெயில் ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஒரு மில்லிவாட். அதாவது ஐந்து வெயில் வரை அனுமதி.

நம் வீட்டு இன்டர்நெட் ஃபைபரில் ஓடுவது பொதுவாகச் சில மில்லிவாட்தான். எனவே தகவல் கடத்தும் ஃபைபரும், வெப்பநிலை அளக்கும் ஃபைபரும் இந்த வரம்புக்குள் சுலபமாக அடங்கிவிடும். எண்ணெய் டேங்குகளின் மிதக்கும் கூரை ஓரத்தில் தீ பிடித்தால் கண்டுபிடிக்க ஃபைபர் சென்சார் சுற்றுவதும் இந்தத் தைரியத்தில்தான். வெளிச்சம் கொடுக்கும் கற்றை அப்படியல்ல. கை பிடிக்கும் தடிமன் உள்ள கற்றையில் வாட் கணக்கில் ஒளி ஓடும். அது வரம்புக்குள் அடங்காவிட்டால் இரண்டு ஏற்பாடுகளை அந்தத் தரமே சொல்கிறது. ஒன்று, உடைந்தாலும் ஒளி வெளியே சிந்தாதபடி கற்றையைக் கவசக் குழாய்க்குள் போடுவது. மற்றது, ஃபைபர் அறுந்த உடனே ஒளிப்பெட்டி தானாக அணைந்துவிடும்படி பூட்டு வைப்பது. ‘ஃபைபர், எனவே பாதுகாப்பு’ என்று விற்பனையாளர் சொன்னால், வரம்புக்குள் அடங்கிய ஒளியா, கவசக் குழாயா, தானாக அணையும் பூட்டா, இந்த மூன்றில் எது என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் அந்தச் சாமான் வேண்டாம்.

இன்னும் மூன்று ஓட்டைகள் உண்டு, எல்லாமே ஃபைபரின் உடுப்பில். பிளாஸ்டிக் உறையைத் துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறும், அதுவும் பொறிதான். வலுவுக்காக உள்ளே எஃகுக் கம்பி வைத்த கேபிளானால் இடி மின்னலையும் எர்த் பழுதையும் அது ஆபத்தான பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும். மூன்றாவதுதான் மோசமானது: கற்றையின் இழைகளுக்கு இடையே உள்ள சந்துகள் வழியாக வாயு மெல்ல நடந்து, பாதுகாப்பான பக்கத்தில் உள்ள ஒளிப்பெட்டிக்கே வந்துவிடலாம். சுவரில் ஓட்டை போட்ட இடத்தில் வாயுவை அடைக்கும் கிளாண்ட் போடாமல் வெறும் சிமென்ட் பூசிவிட்டுப் போனால், விளக்கை வெளியே வைத்ததற்கு அர்த்தமே இல்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் திரவ ஹைட்ரஜனை வைத்து கிரையோஜெனிக் எஞ்சின்களைச் சோதிக்கிறது. ஹைட்ரஜன் என்றால் மேலே சொன்ன வரம்புகளில் ஆகக் கடுமையானது. தென்காசி மாவட்டத்தில் அரிசி ஆலைகள் உண்டு. அங்கே வாயு இல்லை, தவிட்டுத் தூசி உண்டு. மாவு, சர்க்கரை, தவிடு எதுவானாலும் நுண்தூளாகக் காற்றில் அடர்ந்து மிதந்தால் வெடிக்கும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலச் சர்க்கரை ஆலையொன்றில் 2008-ல் தூசி வெடித்து 14 பேர் இறந்தார்கள். அரிசி ஆலைக்கு ஃபைபர் விளக்கு வேண்டுமா? வேண்டாம். தூசி புகாத எல்.இ.டி. விளக்கும், விளக்கின் மேல் படிந்த தூசியைத் தவறாமல் துடைக்கும் ஓர் ஆளும் போதும்.

பட்டாசு, தீப்பெட்டி பற்றியும் கேட்பீர்கள். மருந்துக் கலவை அறைகளில் பகல் வெளிச்சத்திலேயே வேலை என்பது சிவகாசியில் பழகிய முறை. நெருப்பையும் மின்விளக்கையும் ஒதுக்கி வைக்கும் மிக மலிவான வழி அது. அங்கே உயிரைக் குடிக்கும் விபத்துகளில் உராய்வும், கலவைக் கோளாறும், ஓர் அறையில் அளவுக்கு மீறி ஆளும் மருந்தும் சேர்வதும்தான் திரும்பத் திரும்பக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. வெளிச்சத்தை ஃபைபரில் கொண்டுவந்தால் அதில் எதுவும் மாறாது. மாறாக, ராத்திரியிலும் வேலை வாங்க அது ஒரு சாக்காகிவிடக் கூடும் என்பது என் பயம்.

ஆகவே என் தீர்ப்பு இது. பெரிய இடத்துக்கு, நன்றாகப் பராமரிக்கும் ஆலைக்கு, சான்றிதழ் பெற்ற எல்.இ.டி. எஃப்.எல்.பி. விளக்கே போதும். விலையும் குறைவு. எப்போதும் வாயு நிற்கும் டேங்கின் உட்புறம், ரியாக்டர் மூடி, கை நுழையாத குழாய் ஆகிய இடங்களில் ஃபைபருக்கு ஈடில்லை.

ஆலை வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. விளக்கோ டார்ச்சோ ஒளிப்பெட்டியோ, கையில் எடுக்கும் முன் அதன் தகட்டைப் படியுங்கள். அறுகோணத்துக்குள் ‘எக்ஸ்’ குறி இருக்கிறதா, எந்த வாயுக் குழு, டி1 முதல் டி6 வரை எந்த வெப்ப வகை என்று பாருங்கள். டி6 என்றால் அதன் மேற்பரப்பு 85 டிகிரியைத் தாண்டாது, டி1 என்றால் 450 வரை போகலாம். எண் கூடக் கூட சூடு குறைவு. தகடு அழிந்துபோன விளக்கை வாங்காதீர்கள். சூப்பர்வைசர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது, தரையோடு தங்கும். வாசம் வந்தால் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், எரிந்துகொண்டிருக்கும் விளக்கை அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி எழும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய் நின்று போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906.